பிஸ்கட் டின்னில் இருந்த பதினோரு கேசட்



 இது கொஞ்சம் நீளமான பதிவு. ஆற அமர உட்கார்ந்து படிங்க. கடைசியில உங்ககிட்ட ஒரு கோரிக்கையும் இருக்கு.

திருப்பணி தொடங்கறதுக்கு முன்னாடி ஸ்டோர் ரூமைக் காலி பண்ணித் தரணும்னு நிர்வாகம் எங்களைக் கேட்டுக்கிட்டாங்க. தொண்டர்கள் நாங்க மூணு பேர் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில இறங்கினோம். கிழிஞ்ச பந்தல் துணி, கைப்பிடி போன வாளி, 2008 கும்பாபிஷேக அழைப்பிதழ்ல மிச்சமான ரெண்டு கட்டு, இதையெல்லாம் எடுத்து வெளிய வச்சப்ப, அடியில ஒரு சதுர பிஸ்கட் டின். துரு ஏறி மூடி திறக்கவே இல்ல. கரண்டியால நெம்பித் திறந்தோம். உள்ள பழைய தமிழ்ப் பேப்பர்ல சுத்தின பதினோரு வீடியோ கேசட்டும், பிளாஸ்டிக் உறையில ரெண்டு விசிடியும் இருந்துச்சு.

அந்த விசிடிகளை எங்களுக்கு நல்லாத் தெரியும். தெரியாத மாதிரி எழுத மனசு வரல. அதுக்குக் காரணமே நாங்கதான்.

புதுசா வர்றவங்களுக்காக ஒரு சின்ன முன்கதை. நம்ம ஆலயம் முதல்ல இருந்தது ரப்பர் தோட்டத்துல. தகரக் கூரை, ஒரு சின்ன விமானம், பின்னாடி பால் மரம், முன்னாடி லோரி போற செம்மண் பாதை. அங்க நடந்த கடைசிக் கும்பாபிஷேகம் 1996-ல. அப்புறம் தோட்டம் கைமாறி, லயத்து வீடுகள் போய், சனங்க ஆளுக்கொரு தாமான்ல குடியேறி, ஆலயமும் இப்ப இருக்கிற இடத்துக்கு வந்துச்சு. இங்க 2008-ல கும்பாபிஷேகம். பன்னிரண்டு வருஷக் கணக்குப்படி அடுத்தது 2020-ல வந்திருக்கணும். அந்த வருஷம் மார்ச் 18-ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாடு வந்து எல்லாம் நின்னு போச்சு. அதுதான் இப்பத் திருப்பணி.

1996 கும்பாபிஷேகத்தைப் படம் புடிச்சவர் நம்ம தோட்டத்து அண்ணன் ஒருத்தர். தொழிற்சாலையில ஷிப்ட் வேலை பார்த்தவர். சீட்டுப் பணம் எடுத்து ஒரு ஹை-எயிட் கேமரா வாங்கினார். யாரும் அவருக்கு ஒரு காசு குடுக்கல, அவரும் கேட்கல. எல்லாரும் ‘கேமரா அண்ணே’ன்னுதான் கூப்பிடுவோம். இப்ப எழுபதைத் தாண்டிட்டார்.

2003-ல, இளைஞர் பிரிவுல இருந்த நாங்க, அந்த கேசட்டுகளை அவர்கிட்ட வாங்கிக்கிட்டுப் போய் டவுன்ல ஒரு கடையில குடுத்தோம். அப்ப எல்லார் வீட்லயும் விசிடிதான். கடைக்காரர் எட்டு மணி நேரத்தை ஒரு மணி நேரமா வெட்டினார். நாங்க கேட்டுக்கிட்டபடியே மேல பக்திப் பாட்டுப் போட்டார். முதல் காட்சியில தாமரை விரியற மாதிரி ஒரு கிராபிக்ஸ் வேற. எங்களுக்கு ஒரே பெருமை. விசிடி ஒண்ணு பத்து ரிங்கிட்னு வித்து ஆலய நிதியில சேர்த்தோம்.

அதோட நிறுத்தியிருந்தா பரவாயில்ல. இன்னொரு கேசட் இருந்துச்சு, ஒரு வருஷத் தீமிதியைப் பதிவு பண்ணின வி.எச்.எஸ். கேசட். அதையும் அதே கடையில குடுத்து இதே மாதிரி விசிடி ஆக்கினோம். ‘விசிடி வந்தாச்சே, இனி இந்தப் பெரிய கேசட் எதுக்கு, இடத்தை அடைக்குது’ன்னு அதைத் தூக்கிப் போட்டுட்டோம். எங்க கையாலதான் போட்டோம்.

அந்தத் தீமிதியில நம்ம பழைய பூசாரி தாத்தா உடுக்கை அடிச்சு அம்மனை வர்ணிச்சுப் பாடறார். அவர் அப்பா ஊர்லேருந்து கொண்டு வந்த பாட்டுன்னு சொல்வாங்க. தாளுல எழுதி வச்சது இல்ல. அவரோட போயிருச்சு. விசிடியில அவர் கழுத்து நரம்பு புடைக்குது, வாய் அசையுது, உடுக்கை அசையுது. ஆனா கேட்கிறது சினிமாப் பாட்டு.

இந்தப் பதிவு எழுதறதுக்கு முதல் காரணம் அதுதான். டிஸ்க்குக்கு மாத்தறது நல்ல விஷயம். ஆனா எப்படி மாத்தறோம்ங்கறதுல எல்லாம் இருக்கு. மட்டமா மாத்திட்டு அசலை வீசினா, காப்பாத்தினோம்னு நினைச்சுக்கிட்டே அழிச்சவங்க ஆயிடுவோம்.

டின்னுல இருந்த பதினொண்ணுல, ஆறு எட்டு மில்லிமீட்டர் கேசட், அதாவது ஹை-எயிட் வகை, எல்லாம் 1996. மூணு ‘மினி டிவி’ன்னு அச்சடிச்ச சின்னக் கேசட். தொலைக்காட்சி இல்ல, கேசட் வகையோட பேரே அதுதான். இது 2008. மிச்சம் ரெண்டு வி.எச்.எஸ்., பழைய திருவிழாக்கள். நல்லவேளை, இந்த ரெண்டு எங்க கண்ணுல படாம டின்னுக்குள்ள தப்பிச்சிருக்கு.

முதல்ல நாங்க செஞ்சது அவசரக் காரியம். பசார் மாலாம்ல வாங்கின ஒரு யூ.எஸ்.பி. வயரை, ஒருத்தர் வீட்டு வி.சி.ஆர்.ல மாட்டி, மடிக்கணினியில செருகி ஒரு வி.எச்.எஸ். கேசட்டை ஓட்டினோம். படம் வந்துச்சு. ஆனா நிறம் கோட்டைத் தாண்டி வழிஞ்சு கிடந்துச்சு. ஆள் நடந்தா உடம்போட ஓரம் சீப்புப் பல் மாதிரி கிழிஞ்சு தெரிஞ்சுது. இருபது நிமிஷம் போனதும் மேளம் அடிக்கிற கையும் சத்தமும் சேரல. ‘பழசு அப்படித்தான் இருக்கும்’னு எங்கள்ல ஒருத்தர் சொன்னார். அப்படியே விட்டிருப்போம். கேமரா அண்ணன்கிட்ட போன்ல சொன்னப்ப அவர் கேட்டார்: “தம்பி, நான் புடிச்சப்ப நல்லாத்தான் புடிச்சேன். கேசட்டு மேல பழியைப் போடாத. ஓட்டற மிஷினைப் பாரு.”

அவர் சொன்னது சரி. அவரோட பழைய கேமரா செத்துப் போயிருந்துச்சு. விசாரிச்சதுல கிள்ளான்ல ஒரு பக்தர் டிஜிட்டல்-எயிட் கேமரா ஒண்ணை அலமாரியில பூட்டி வச்சிருந்தார். இந்த வகை 1999-ல வந்தது. இதுல சில மாடல்கள் மட்டும் பழைய ஹை-எயிட் கேசட்டையும் ஓட்டும். ஓட்டும்போதே படத்தை எண்ணா மாத்தி ‘ஃபயர்வயர்’ங்கிற வயர் வழியா கணினிக்கு அனுப்பும். ஆட்டம் காணற கோடுகளை நேர்ப்படுத்தற வேலையும் அந்த மாடல்லயே உள்ள இருந்துச்சு. இப்ப வர்ற மடிக்கணினியில அந்தத் துளை இல்ல. ஒரு தமிழ்ப்பள்ளி ஆசிரியர் வீட்ல மூலையில கிடந்த பழைய கணினியில அதுக்கான கார்டு இருந்துச்சு. தூசி தட்டி எடுத்துக்கிட்டு வந்தோம்.

இதுல ஒண்ணு புரிஞ்சுக்கணும். கேசட் இன்னும் கொஞ்ச நாள் தாங்கலாம். அதை ஓட்டற மிஷின்தான் முதல்ல போகும். கடைசி வரை வி.சி.ஆர். தயாரிச்ச ஜப்பானின் ஃபுனாய் நிறுவனமே 2016 ஜூலையில நிறுத்திட்டாங்க. எட்டு மில்லிமீட்டர் கேமராவைப் புதுசா எந்தக் கடையிலயும் வாங்க முடியாது. யார் வீட்லயாவது ஓடற நிலையில கிடந்தா உண்டு, இல்லன்னா இல்ல.

எட்டு சனிக்கிழமை, ஆலய அலுவலகத்துல உட்கார்ந்தோம். கேசட் வேலையில குறுக்கு வழி கிடையாது. ஒரு மணி நேரக் கேசட்டுக்கு ஒரு மணி நேரம் ஓடித்தான் ஆகணும். முதல்ல ஒவ்வொண்ணுலயும் மேல பதிவாகாதபடி அந்தச் சின்னத் தடுப்பைத் தள்ளி வச்சோம். கேமராவோட தலைப்பகுதியைச் சுத்தம் பண்ணினோம். கேசட்டை ஒரு தடவை கடைசி வரை ஓட்டித் திரும்பச் சுத்தினோம். ரொம்ப வருஷமா ஒட்டிக் கிடந்த நாடா அப்பத்தான் இளகும். முக்கியமில்லாத கேசட்டைப் போட்டுப் பார்த்து, மிஷின் நாடாவைக் கடிக்கலன்னு தெரிஞ்ச பிறகுதான் கும்பாபிஷேகக் கேசட்டைத் தொட்டோம்.

நம்ம ஊர்ப் புழுக்கத்துக்குப் பூஞ்சை புடிக்காம இருக்குமா? கேசட்டோட ஜன்னல் வழியா டார்ச் அடிச்சுப் பார்த்தா, நாடாச் சுருள் ஓரத்துல வெள்ளையா மாவு தூவின மாதிரி தெரிஞ்சா அதுதான். அதை மிஷின்ல போடவே கூடாது. மிஷினும் கெடும், அடுத்துப் போடற கேசட்டுக்கும் தொத்திக்கும். எங்களுக்கு ஒண்ணு அப்படி அமைஞ்சுது, 1996-ல ஆறாவது கேசட். ஈரம் உறிஞ்சற சிலிக்கா பொட்டலத்தோட காத்துப் புகாத டப்பாவுல தனியா வச்சிருக்கோம். அதைக் கையால சுத்தம் பண்ணத் தெரிஞ்ச ஆளைத் தேடிக்கிட்டு இருக்கோம். அவசரப்பட்டு இன்னொரு தப்பு பண்ண மாட்டோம்.

மத்த பத்தும் கணினிக்கு வந்துருச்சு. மொத்தம் பன்னிரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல. ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 13 ஜி.பி. வீதம் 160 ஜி.பி. புடிச்சுது. ‘இவ்வளவு பெருசா எதுக்கு, சுருக்கிடலாமே’ன்னு சிலர் கேட்டாங்க. அதுக்குத்தான் அந்த விசிடியைப் போட்டுக் காட்டினோம்.

விசிடியோட படம் அகலத்துல 352 புள்ளி, உயரத்துல 288 புள்ளி. நம்ம நாட்டு வீடியோ முறையில டிவிடியோட முழுப் படம் 720-க்கு 576. அதாவது விசிடியில இருக்கிறது கால்வாசிப் படம். மேடைப் பேச்சு மாதிரி ஆள் அசையாம நிக்கிற காட்சின்னா அதுவே போதும்னு தோணும். கும்பாபிஷேகம் அப்படியா? யாகசாலைப் புகை, கலசத்து மேல ஊத்தற தண்ணி, மேலேருந்து தூவற பூ, மேளக்காரர் கை, நெருக்கியடிக்கிற சனம், எல்லாமே ஒரே நேரத்துல அசையுது. சுருக்கற கணினி திணறிப் போய் படத்தைச் சதுரம் சதுரமா உடைச்சு வச்சிடும். தண்ணி விழற அந்த ஒரு நிமிஷத்துக்குத்தான் அத்தனை பேர் வெயில்ல காத்துக்கிட்டு இருந்தாங்க. விசிடியில அந்த ஒரு நிமிஷம்தான் ரொம்ப மோசமா இருக்கு.

அதனால டிஸ்க்குக்கு ஒரு விதி வச்சுக்கிட்டோம். ஒரு டிவிடியில ஒரு மணி நேரம், அதுக்கு மேல இல்ல. 4.7 ஜி.பி. டிஸ்க்ல ஒரு மணி நேரம் வச்சா படத்துக்கு வினாடிக்கு ஏறக்குறைய 8 மெகாபிட் குடுக்கலாம். ரெண்டு மணி நேரம் திணிச்சா அது பாதியாயிடும். நாலு மணி நேரம் திணிச்சா பழைய விசிடி கதைதான். தொண்ணூறு நிமிஷக் கேசட்டை நாங்க சுருக்கல, பிரிச்சோம். பூர்ணாஹுதி வரை ஒரு டிஸ்க், கடம் புறப்பாட்டுல இருந்து மகா அபிஷேகம் வரை அடுத்த டிஸ்க்.

வேற சில தப்புகளும் பண்ணித் திருத்தினோம். இந்தப் பழைய வீடியோவுல வினாடிக்கு 25 படம், ஒவ்வொரு படமும் ஒத்தைக் கோடு, ரெட்டைக் கோடுன்னு ரெண்டு பாதியா வரும். எந்தப் பாதி முதல்லங்கறதைக் கணினியில மாத்திக் குடுத்துட்டா, ரதம் முன்னாடி போகாம முன்னும் பின்னுமா குலுங்கும். எங்க முதல் டிஸ்க்ல அம்மன் ரதம் அப்படித்தான் குலுங்குச்சு. டிஸ்க்கைத் தூக்கிப் போட்டுட்டு மறுபடி எழுதினோம். இன்னொரு தடவை, இப்ப இருக்கிற அகலத் தொலைக்காட்சியை நிறைக்கணும்னு படத்தை இழுத்தோம். அம்மன் முகம் அகலமாப் போச்சு. குருக்கள் பார்த்துட்டு, “அம்பாளை இப்படியா காட்டுவீங்க?”ன்னு ஒரு வார்த்தைதான் கேட்டார். ரெண்டு பக்கமும் கறுப்பு இருந்தா இருந்துட்டுப் போகுது, புடிச்ச அளவுலயே இருக்கட்டும்னு விட்டுட்டோம். நிறத்தை ஏத்தல, முகத்தைக் கூர்மையாக்கல, பாட்டுப் போடல, எதையும் வெட்டல. காத்து மைக்கை அடிக்கிற சத்தத்தைக்கூட விட்டு வச்சிருக்கோம்.

இனி அந்த வெள்ளிக்கிழமைக்கு வர்றோம்.

பூஜை முடிஞ்சு, பிரசாதம் குடுத்த பிறகு, மண்டபத்துல தொலைக்காட்சியை வச்சு 1996 கேசட்ல நாலாவதைப் போட்டோம். பெரியவங்க பார்த்துப் பேர் சொல்லணும், நாங்க எழுதிக்கணும், அதுதான் ஏற்பாடு. ஒரு நோட்டுப் புத்தகத்தோட உட்கார்ந்தோம்.

ஜோகூர்லேருந்து ஒரு அக்கா வந்திருந்தாங்க. தோட்டத்துல பிறந்து வளர்ந்தவங்க. கும்பாபிஷேக நேரத்துல நிறைமாசம், அதனால வர முடியல. அடுத்த வருஷமே அவங்க அம்மா தவறிட்டாங்க. அம்மாவோட படம்னு அவங்ககிட்ட இருக்கிறது ஐ.சி.யில இருந்து எடுத்த ஒரு சின்னப் படம் மட்டும்தான். அதனால எங்க விசிடியை அவங்க இருபது வருஷத்துக்கு மேல வச்சிருந்தாங்க. அதுல அன்னதான அடுப்படி ஒரு பத்து வினாடி வரும். புகை நடுவுல மஞ்சச் சேலை கட்டின ஒரு உருவம். முகம்னு பார்த்தா நாலஞ்சு சதுரம்தான். “அதுதான் எங்கம்மா. அந்தத் தீபாவளிக்கு நான் எடுத்துக் குடுத்த சேலை”ன்னு பேரப் பிள்ளைங்களுக்கெல்லாம் காட்டியிருக்காங்க. திதி அன்னைக்கு அந்த இடத்துல நிறுத்தி வச்சுக் கும்பிடுவாங்களாம்.

அடுப்படிக் காட்சி வந்துச்சு. இந்தத் தடவை புகைக்குப் பின்னாடி முகம் தெரிஞ்சுது. மஞ்சச் சேலை நல்லாத் திரும்பி கேமராவைப் பார்த்தாங்க. அக்கா எழுந்து கிட்டப் போனாங்க. கொஞ்ச நேரம் பார்த்தாங்க. “இது எங்கம்மா இல்லையே”ன்னாங்க.

மண்டபத்துல யாரும் பேசல. நாங்க பயந்துட்டோம். ஒருத்தங்க இருபது வருஷமா வச்சிருந்த நம்பிக்கையை நல்ல படம் காட்டறோம்னு கெடுத்துட்டோமேன்னு ஆயிடுச்சு.

அப்ப பின்வரிசையில, எண்ணெய் விளக்குக்குப் பக்கத்துல வழக்கமா உட்கார்ற பாட்டி, மெதுவாச் சொன்னாங்க. “அது நான் பிள்ளை.”

எல்லாரும் திரும்பிப் பார்த்தோம். பாட்டிக்கு இப்ப எண்பதுக்கு மேல. “பால்குடம் எடுக்கணும், என்கிட்ட மஞ்சச் சேலை இல்ல. காலையில உங்கம்மாதான் கொண்டாந்து குடுத்தா. மக எடுத்துக் குடுத்த புதுச் சேலைடி, வேணாம்னேன். கட்டுன்னு சொல்லிட்டு அவ பழைய பச்சையைக் கட்டிக்கிட்டு அடுப்படிக்குப் போயிட்டா. அவ அங்கிட்டு நிப்பா, பாரு.”

படத்தைப் பின்னாடி ஓட்டினோம். காட்சியோட ஓரத்துல, கிடாரத்துல பெரிய கரண்டியை விட்டுச் சோத்தைக் கிளறிக்கிட்டு, பச்சைச் சேலையில ஒரு அம்மா. விசிடியில அந்த ஓரம் வெறும் பச்சைக் கறை, ஏதோ வாழைக்கட்டுன்னுதான் எல்லாரும் நினைச்சோம். அந்த அம்மா நிமிர்ந்து கேமராவைப் பார்த்துத் திட்டறாங்க. பாட்டு இல்லாததால தெளிவாக் கேட்குது: “ஏம்பா, அம்மனைப் போய்ப் படம் புடி. அடுப்பை எதுக்குப் புடிக்கிற? தள்ளிப் போ, சோறு குழையப் போகுது.”

அக்கா அழுவாங்கன்னு நினைச்சோம். சிரிச்சாங்க. வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிச்சாங்க. “அப்படியேதான் பேசுவாங்க”ன்னாங்க. “மறுபடி போடுங்க தம்பி”ன்னாங்க. நாலு தடவை போட்டோம். நாலாவது தடவை அவங்க படத்தைப் பார்க்கவே இல்ல, கண்ணை மூடிக்கிட்டுக் கேட்டாங்க. அதுக்கப்புறம் போய் பாட்டி பக்கத்துல உட்கார்ந்து கையைப் புடிச்சுக்கிட்டாங்க. “இத்தனை வருஷமா உங்களைத்தான் கும்பிட்டிருக்கேன்”னாங்க. பாட்டி, “நல்லாத்தான் இருக்கேன், இன்னும் கும்பிடு”ன்னு சொன்னதும் மண்டபமே சிரிச்சுது.

கேமரா அண்ணன் மட்டும் சிரிக்கல. வெளிய வந்து செருப்பு மாட்டும்போது சொன்னார்: “பேட்டரி தீர்ந்துடும், அபிஷேகத்துக்கு வேணும்னு அடுப்படியை ரெண்டு நிமிஷத்துல நிறுத்திட்டேன் தம்பி. இன்னும் கொஞ்சம் புடிச்சிருக்கலாம்.”

நோட்டுப் புத்தகத்துல அன்னைக்கு முப்பத்தேழு பேர் எழுதினோம். அதுல பல பேர் கல்வெட்டுல இல்ல, உபயக்காரர் பட்டியல்ல இல்ல. கல் சுமந்தவங்க, தண்ணி இறைச்சவங்க, பாத்திரம் கழுவினவங்க. படம் தெளிவா இருந்ததாலதான் பேர் சொல்ல முடிஞ்சுது. தெளிவான படம்னா ஏதோ ஆடம்பரம்னு நாங்களும் ஒரு காலத்துல நினைச்சோம். ரதத்தையும் விமானத்தையும் மங்கலான படத்துலயும் கண்டுபிடிச்சிடலாம். கூட்டத்துல ஓரமா நிக்கிற நம்ம சனங்களோட முகம்தான் முதல்ல அழியும்.

நிறைய பேர் கேட்டதால சிலதைச் சுருக்கமாச் சொல்லிடறோம்.

கேசட்டைக் கடையில குடுத்தா, மாத்தின பிறகு கேசட்டைக் கண்டிப்பாத் திரும்ப வாங்குங்க. வெட்ட வேணாம், பாட்டு வேணாம்னு முதல்லயே சொல்லிடுங்க. டிஸ்க்கோட சேர்த்து, சுருக்காத முழுக் கோப்பையும் ஹார்ட் டிஸ்க்ல கேளுங்க. ஒரு டிஸ்க்ல எத்தனை மணி நேரம் போடறாங்கன்னு கேளுங்க.

டிஸ்க்கும் சாசுவதம் இல்ல. நாமளே எழுதற டிவிடியில படத்தைத் தாங்கறது ஒரு சாயம். வெயிலும் புழுக்கமும் பட்டா அது கெடும். காருக்குள்ள போட்டு வைக்காதீங்க. மேல ஸ்டிக்கர் ஒட்டாதீங்க. நடு வளையத்துல மட்டும் பேனாவால எழுதுங்க. எழுதினதும் முழுசா ஓட்டிப் பாருங்க. ஒரு டிஸ்க், ரெண்டு ஹார்ட் டிஸ்க், அதுல ஒண்ணு வேற வீட்ல. நம்ம ஆலயத்துக்கு அப்படித்தான் வச்சிருக்கோம். ஒரு ஹார்ட் டிஸ்க் ஆலய அலுவலகத்துல, இன்னொண்ணு செயலாளர் வீட்ல. வருஷத்துக்கு ஒரு தடவை நவராத்திரிக்கு முன்னால ஓட்டிப் பார்க்கணும்னு முடிவு பண்ணியிருக்கோம்.

இணையத்துல எப்பப் போடுவீங்கன்னும் சிலர் கேட்டாங்க. போட மாட்டோம். அதுல இறந்து போனவங்க இருக்காங்க, சாமி வந்து ஆடறவங்க இருக்காங்க, அப்ப குழந்தையா இருந்து இப்பப் பெரியவங்களா ஆனவங்க இருக்காங்க. ஆலயத்துக்கு வாங்க, உட்கார்ந்து பார்ப்போம். குடும்பத்துக்கு வேணும்னா டிஸ்க் எழுதித் தர்றோம். வெறும் டிஸ்க் செலவு மட்டும்தான், மிச்சம் குடுக்க நினைக்கிறதை உண்டியல்ல போடுங்க.

இப்ப எங்க கோரிக்கை.

உங்க வீட்டு அலமாரியில, கட்டிலுக்கு அடியில, அப்பா வச்சுட்டுப் போன பெட்டியில பழைய வீடியோ கேசட் இருந்தா வீசிடாதீங்க. கல்யாணக் கேசட்டா இருந்தாலும் பரவாயில்ல, பின்னாடி நம்ம பழைய ஆலயம் தெரியலாம். சனிக்கிழமை காலையில பத்து மணிக்கு மேல ஆலய அலுவலகத்துல நாங்க இருப்போம். மிஷின் ஓடற வரைக்கும் மாத்தித் தர்றோம். கேசட்டை உங்க கையில திரும்பக் குடுப்போம். அது சத்தியம்.

இன்னொண்ணு. அந்தத் தீமிதியை வேற யாராவது படம் புடிச்சிருந்தா, இல்ல நாங்க வீசின கேசட்டுக்கு அப்பவே ஒரு பிரதி எடுத்து வச்சிருந்தா, தயவு செஞ்சு சொல்லுங்க. சத்தம் மட்டும் இருக்கிற ஆடியோ கேசட்டா இருந்தாலும் போதும். பூசாரி தாத்தா வாய் அசையறதை நாங்க பலமுறை நிறுத்தி நிறுத்திப் பார்த்துட்டோம். என்ன பாடறார்னு தெரியல. அவர் பேரன் இப்ப நம்ம ஆலயத்துலதான் உடுக்கை பழகறான். அவனுக்கு அந்தப் பாட்டு வேணும்.

அந்தக் கேசட்டை வீசினவங்க நாங்கதான். அதைத் தேடிக் குடுக்கற பொறுப்பும் எங்களோடதுதான். நீங்க கொஞ்சம் கை குடுங்க. இன்னைக்கே அலமாரியைத் திறந்து பாருங்க.

அம்மன் துணை.

இப்படிக்கு,
ஆலயத் தொண்டர்கள்